தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் புரோகிராம்கள்

வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் போக வேண்டுமானால், கொக்கிரகுளம் வந்து சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினால் போதும். அதை விட்டுவிட்டு ஒருவர் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுன் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி ஜங்ஷன் வந்து சேர்ந்தால் என்ன சொல்வோம்? புரோகிராம் எழுதுகிறவர்களிலும் இப்படிப்பட்ட ஆட்கள் நிறைய உண்டு. விடை சரியாகத்தான் வரும். வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பு வரும். சில சமயம் அந்தச் சுற்றுவழிக்குள் ஆபத்தும் ஒளிந்திருக்கும்.

புரோகிராம் என்றதும் பயப்பட வேண்டாம். வரி வரியாக டைப் செய்யாமல், படங்களை மவுஸால் இழுத்துச் சேர்த்தே புரோகிராம் எழுதலாம். தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் பயன்படும் லேப்வியூ இந்த வகையைச் சேர்ந்தது. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-இல் இதை வெளியிட்டது. குழந்தைகளுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச். தமிழ்நாட்டின் 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில்கூட ஸ்கிராட்ச் இடம் பெற்றிருக்கிறது.

சுற்றுவழி புரோகிராமுக்கு லேப்வியூக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரூப் கோல்ட்பர்க் கோடு'. ரூப் கோல்ட்பர்க் (1883-1970) பொறியியல் படித்துவிட்டு கார்ட்டூன் போடப் போன அமெரிக்கர். சூப் குடிப்பவரின் வாயைத் துடைக்க கயிறு, கிளி, ராக்கெட், கடிகாரப் பெண்டுலம் எல்லாவற்றையும் கோத்து அவர் 1931-இல் ஒரு இயந்திரம் வரைந்தார். கையால் துடைத்தால் முடிந்த வேலை!

இனி நாமே செய்து பார்ப்போம். ஸ்கிராட்ச் இலவச மென்பொருள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பட்டனை அழுத்தி 'பென்' வசதியைச் சேருங்கள்.

ஒரு சதுரம் வரைய வேண்டும். முதலில் 'பென் டவுன்' பிளாக்கை வையுங்கள். அதன் கீழே 'மூவ் 100 ஸ்டெப்ஸ்', 'டர்ன் 90 டிகிரீஸ்' என்ற இரண்டு பிளாக்குகளையும் நான்கு முறை அடுக்குவது சுற்றுவழி. மொத்தம் எட்டு பிளாக். சதுரத்தைப் பெரிதாக்க 100-ஐ 150 ஆக்க நினைத்தால் நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். ஓர் இடத்தை விட்டுவிட்டால் சதுரம் கோணிவிடும். நேர்வழி எது? 'ரிப்பீட் 4' பிளாக்குக்குள் அந்த இரண்டையும் ஒரே ஒரு முறை வையுங்கள். மாற்றம் ஒரே இடத்தில் முடிந்தது. எண்களை ரிப்பீட் 36, மூவ் 10, டர்ன் 10 என்று மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய வட்டமே வந்துவிடும். இதையே ஒவ்வொன்றாக அடுக்கினால் 72 பிளாக் தேவைப்படும்.

அடுத்தது நம்ம ஊர் விஷயம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி என்பது நெல்லைக்காரர்களுக்கு மனப்பாடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததையும் யாரும் மறக்கவில்லை. எனவே நீர்மட்டத்தைக் கொடுத்தால் எச்சரிக்கும் ஒரு புரோகிராம் செய்வோம். எல்லை 140 அடி. இது பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்ட எண்தான், அரசு நிர்ணயித்தது அல்ல.

'ஆஸ்க்' பிளாக் நீர்மட்டத்தைக் கேட்கும். நாம் தரும் பதில் 'ஆன்சர்' என்பதில் இருக்கும். புதியவர்கள் பலர் இப்படி அடுக்குவார்கள்: ஆன்சர் = 140 என்றால் 'எச்சரிக்கை' என்று சொல்; ஆன்சர் = 141 என்றால் சொல்; 142 என்றால் சொல்; 143 என்றால் சொல். நான்கு 'இஃப்' பிளாக்குகள். 140 கொடுத்தால் எச்சரிக்கும், 143 கொடுத்தாலும் எச்சரிக்கும். ஆகா, சரியாக இருக்கிறதே என்று தோன்றும்.

இப்போது 141.5 என்று கொடுங்கள். ஒரு சத்தமும் வராது! செய்தித்தாளில் அணை நீர்மட்டம் அரை அடி, கால் அடி சேர்த்துத்தானே வருகிறது? தண்ணீர் முழு எண்ணில் மட்டும் ஏறுவதில்லையே!

நேர்வழிக்கு ஒரே ஒரு 'இஃப் எல்ஸ்' பிளாக் போதும். ஆன்சர் < 140 என்றால் 'பயமில்லை', இல்லாவிட்டால் 'எச்சரிக்கை'. 140, 141.5, 143 எதைக் கொடுத்தாலும் தப்ப முடியாது. பிளாக் குறைந்தது மட்டும் லாபமல்ல. நான்கு பிளாக்குகளுக்கு நடுவே இருந்த ஓட்டைகளும் அடைபட்டன.

இன்னொன்றையும் சோதியுங்கள். '98 அடி' என்று எழுத்தோடு சேர்த்துக் கொடுத்தால் 'எச்சரிக்கை' என்று அலறும். எழுத்து கலந்துவிட்டால் ஸ்கிராட்ச் அதை எண்ணாகப் பார்க்காது. அகராதி வரிசைபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 1-க்குப் பிறகுதானே 9 வரும்? அதனால் 98, 140-ஐவிடப் பெரிதாகிவிடுகிறது. எனவே 'எண் மட்டும் தரவும்' என்று கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

புரோகிராம் எழுதி முடித்ததும் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், அது செய்வதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே 'ரிப்பீட்' தேவை. 'இதுவென்றால், அதுவென்றால்' என்று நீண்டுகொண்டே போனால் ஓர் ஒப்பீடு போதுமா என்று யோசியுங்கள். இரண்டாவதாக, எல்லைக்குச் சற்றுக் கீழே, சரியாக எல்லையில், சற்று மேலே என மூன்று எண்களையும், நடுவில் ஒரு புள்ளி எண்ணையும் கொடுத்துச் சோதியுங்கள். பத்து நிமிட வேலைதான். இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்.