கடைசி நாட்கள் சொந்த வீட்டில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மேற்கு ஓரத்தில், லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியை ஒட்டி இருக்கிறது நவோட்கமெக்வானிங். அனிஷினாபே பூர்வகுடி மக்களின் சிற்றூர். மருத்துவமனை இருப்பது கெனோரா நகரில். காரில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவர் இந்த ஊரிலேயே, தன் வீட்டிலேயே கண்ணை மூட ஆசைப்பட்டால் என்னென்ன வேண்டும்?

முதலில் வேண்டியது நோய் ஆதரவு சிகிச்சை. அந்தப் பெயரைக் கேட்டதும் 'டாக்டர் கைவிரித்துவிட்டார்' என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கைவிரித்த பிறகும் செய்யவேண்டியது ஏராளம். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். வீட்டாரையும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இதில் பெரும்பகுதி வீட்டிலேயே முடியும். மாத்திரை விழுங்க முடியாத நிலை வந்தால், தோலுக்கு அடியில் மெல்லிய குழாயுடன் கூடிய சின்ன ஊசி ஒன்றைப் பொருத்தி ஒட்டிவிட்டுப் போவார் நர்ஸ். அவர் மருந்து நிரப்பி வைத்துப்போன சிரிஞ்சை, சொன்ன நேரத்தில் அந்தக் குழாய் வழியே மகளே மெதுவாக ஏற்றலாம். ஒவ்வொரு தடவையும் குத்தவேண்டியதில்லை. மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம், அதனால் மலமிளக்கியும் கூடவே போகும். மார்ஃபின் வேறு கைக்குப் போய்விடாமல் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைக்கவும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் சொல்லிக்கொடுத்தால் யாரும் பழகிக்கொள்வார்கள்.

மாட்டிக்கொள்வது பணத்தில்தான். மருத்துவமனை மாகாண அரசின் பொறுப்பு. பூர்வகுடிக் குடியிருப்புகளுக்குள் வீட்டுப் பராமரிப்பு மத்திய அரசின் பொறுப்பு. 1999இல் மத்திய அரசு அதற்கான திட்டத்தைத் தொடங்கியபோது நோய் ஆதரவு சிகிச்சை அதில் கட்டாயச் சேவையாகச் சேர்க்கப்படவில்லை. நர்ஸ் வருவதும் பெரும்பாலும் வேலைநாள் பகலில்தான். வலி ஆபீஸ் நேரம் பார்த்தா வருகிறது? சனிக்கிழமை நள்ளிரவில் மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், கெனோராவுக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் அங்கேயே முடிந்துவிடும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகள் 1990கள் வரை நடந்த நாடு அது. அரசாங்கக் கட்டடம் என்றாலே பெரியவர்கள் ஒதுங்குவதில் வியப்பென்ன?

2010 முதல் 2015 வரை லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் மேரி லூ கெல்லி தலைமையில் நடந்த ஆய்வில், கடைசி நாட்களை ஊரிலேயே கழிக்க நான்கு பூர்வகுடிச் சமூகங்கள் வழி தேடின. நவோட்கமெக்வானிங் அதில் ஒன்று. ஊர்க்காரர்களும் வெளியூர் மருத்துவப் பணியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நோயாளியின் பாதையைப் படிப்படியாக வரைந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தகவலை யார் யாருக்குச் சொல்வது, மருந்து தீர்ந்தால் யாரைக் கேட்பது என்ற ரீதியில். அப்படி உருவான திட்டத்துக்கு ஊரே தன் மொழியில் வீசோகோட்டாட்டிவின் என்று பெயர் வைத்தது. அந்த நான்கில் இன்னொன்றான, பிராண்ட்ஃபோர்டு நகரை ஒட்டிய சிக்ஸ் நேஷன்ஸ் சமூகம் மிகப் பெரியது, வசதிகளும் பக்கத்திலேயே. அங்கே சொந்தமாக ஒரு சிகிச்சைக் குழுவே அமைந்தது. ஒரு ஊரின் ஏற்பாட்டை அப்படியே இன்னோர் ஊரில் நட்டால் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வருபவர் யோசிக்காத சங்கதிகளும் உண்டு. அனிஷினாபே வீடுகளில் மூலிகை கொளுத்திப் புகையிடுவது வழக்கம். ஆக்ஸிஜன் ஓடும் அறையிலோ நெருப்பே ஆகாது. 'புகை கூடாது' என்று நர்ஸ் கட்டளை போட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. ஆக்ஸிஜனைச் சற்று நிறுத்த முடியுமா, புகையை வீட்டுக்கு வெளியே போட்டுக்கொள்ளலாமா என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவைத்தால் இரண்டுக்கும் இடமுண்டு. இறந்தபின் நான்கு நாள் அணையாமல் தீ காக்கும் குடும்பங்களுக்கு விறகும், முறைபோட்டு விழித்திருக்க ஆட்களும் வேண்டும். அதை ஊரே பார்த்துக்கொள்ளும்.

ஊரால் முடியாதது இரவு நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது. ஆய்வுப் பணம் ஐந்தாண்டுக் கணக்கு. அதன்பிறகும் மாதாமாதம் அந்தச் சம்பளம் யார் கணக்கில் என்பதை ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசும் டொரண்டோவில் இருக்கும் மாகாண அரசும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.