ஈரப் பாதையில் காலுறை

முன்னுரை

மாந்தர் உடுத்தும் உடைகளுள் மிகக் குறைவாக மதிக்கப்படுவது காலுறையே எனலாம். சட்டைத் துணியை விரலால் தடவிப் பார்த்து வாங்குகிறோம். காலணியை அணிந்து கடைக்குள்ளேயே நான்கடி நடந்து பார்க்கிறோம். காலுறையையோ நிறம் பொருந்தினால் போதும் என்று எடுத்துக்கொள்கிறோம். உலர்ந்த சாலையில் சிறிது தொலைவு நடப்பவர்க்கு இதனால் பெருங்கேடு நேர்வதில்லை. ஆனால், மழையிலும் சேற்றிலும் நாள் முழுவதும் மலைப்பாதையில் நடப்பவர்க்கும் ஓடுபவர்க்கும் அச்சிறு துணியே பயணத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது. அத்தகைய காலுறையை எவ்வாறு சோதித்துத் தேர்வது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஈரப் பாதை என்பது யாது?

இங்கிலாந்தில் 'பென்னைன் வே' என்னும் நெடும் நடைபாதை உள்ளது. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதை, ஈடேல் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஸ்காட்லாந்தின் எல்லையைக் கடந்து, கிர்க் யெட்டம் என்னும் ஊரில் முடிகிறது. இதன் நீளம் 268 மைல். அதாவது ஏறத்தாழ 431 கிலோமீட்டர். வழியிலுள்ள மேட்டுநிலங்கள் பலவும் பாதி மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு நிலங்கள். அவை பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்திருப்பவை. நடப்பவர் கால் புதையாதிருக்கப் பல இடங்களில் கற்பலகைகள் பாவப்பட்டுள்ளன. மூடப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்களும் அவற்றுள் அடங்கும்.

இப்பாதை முழுவதையும் 7 நாள்களுக்குள் கடக்க வேண்டிய 'ஸ்பைன் ரேஸ்' என்னும் போட்டி, 2012இல் முதன்முதலாக நடைபெற்றது. கடுங்குளிர் நிலவும் சனவரித் திங்களே இப்போட்டிக்குரிய காலம். 2019இல் ஜாஸ்மின் பாரிஸ் என்னும் பெண்மணி 83 மணி 12 நிமிடங்களில் ஓடி முடித்து, ஆடவர் அனைவரையும் முந்தி முதலிடம் பெற்றார். இத்தகைய பாதையில் கால் நனையாமல் செல்லலாம் என்று எண்ணுவது வீண். கால் நனைந்தே தீரும். ஆகவே காலுறையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நனைந்த பிறகு நீ என்ன செய்வாய்?

நீர் காலுக்குச் செய்யும் தீங்கு

நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி, மென்மையாகி, எளிதில் கிழியும் நிலையை அடைகிறது. மழைக்காலத்தில் வயலில் இறங்கி உழைப்போரின் விரலிடுக்குகளில் தோன்றும் சேற்றுப்புண்ணை நாம் அறிவோம். ஊறிய தோலில் கிருமிகள் எளிதில் குடிபுகும் என்பதற்கு அதுவே சான்று.

ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் கேடு பெரிதாகும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் நனைந்த கால் விரைவில் குளிர்கிறது. உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளக் காலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இந்நிலை நீடித்தால் நரம்பும் தசையும் பழுதுபடும். முதல் உலகப்போரின்போது நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களை இந்நோய் வாட்டியது. 1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழ 20,000 பேர் இதற்கு ஆளாயினர். கால் அழுகி, அதனை வெட்டி நீக்க வேண்டிய நிலையும் சிலருக்கு நேர்ந்தது. பின்னர்ப் படைத்தலைமை வகுத்த தடுப்பு முறைகள் மிக எளியவை: காலை நாள்தோறும் துடைத்து உலர்த்துதல், எண்ணெய் தேய்த்தல், உலர்ந்த காலுறையை மாற்றுதல். வீரர்களின் கால்களைப் பார்வையிடுவது அதிகாரிகளின் கடமையாக்கப்பட்டது. இம்முறைகளால் நோய் பெரிதும் தணிந்தது. ஓர் இணை உலர்ந்த காலுறையின் மதிப்பை இதனின் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

அடுத்தது கொப்புளம். தோலின் மேலடுக்கு காலுறையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளிருக்கும் எலும்பு ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் நகர்கிறது. இடைப்பட்ட அடுக்கு இழுபட்டுப் பிரிந்து, அவ்விடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. இங்கே வியப்பான உண்மை ஒன்று உண்டு. முற்றும் உலர்ந்த தோலிலும் முற்றும் நனைந்த தோலிலும் உராய்வு குறைவு. அரைகுறை ஈரத்திலேயே அது மிகுதி. எனவே ஓடையைக் கடக்கும் கணத்தைவிட, கடந்தபின் கால் மெல்ல உலர்ந்துவரும் ஒரு மணி நேரமே கொப்புளத்திற்கு ஏற்ற வேளை. சோதிப்பவர் இதனை மறத்தலாகாது.

இழைகளின் இயல்பு

பருத்தி நம் நாட்டு வெயிலுக்கு உகந்த இழை. ஆயினும் ஈரப் பாதையில் அது உதவாது. பருத்தி நீரை உறிஞ்சிப் பருத்து, தன் வடிவை இழந்து, காலடியில் தட்டையாகிச் சுருண்டுகொள்ளும். உலரவும் நெடுநேரம் ஆகும். நனைந்த பருத்தி நூலின் வலிமை கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் காலுக்கு வேண்டுவது நூலின் வலிமை அன்று. அமுங்கிய துணி மீண்டும் நிமிரும் தன்மையே.

பாலியெஸ்டர் தன் எடையில் அரை விழுக்காடு ஈரத்தைக்கூட இழைக்குள் ஏற்பதில்லை. இழைகளின் இடுக்குகளில் தங்கும் நீர் நடக்கும்போது பிதுங்கி வெளியேறும், விரைந்து உலரும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். மெரினோ என்னும் ஆட்டினத்தின் மென்கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கியும், தொட்டால் மிகுதியாக நனைந்ததாகத் தோன்றாது. நனைந்தபின்னும் அதன் சுருள் அமைப்பு ஓரளவு காற்றைப் பிடித்து வைத்துக் கதகதப்பைக் காக்கும். ஆனால் ஈரக் கம்பளியின் வலிமை குறையும். அதனாலேயே குதிகாலிலும் விரல்முனையிலும் நைலானைக் கலந்து பின்னுகின்றனர்.

இழை மட்டுமே எல்லாம் என்று எண்ணுதல் கூடாது. 1990இல் அமெரிக்காவில் நெடுந்தொலைவு ஓடுவோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, அடர்ந்த மெத்தைப் பின்னல் கொண்ட அக்ரிலிக் காலுறையில் பருத்தியைவிடக் கொப்புளங்கள் குறைவு என்று கண்டது. அதே ஆய்வாளர்கள் 1993இல் சாதாரணப் பின்னல் கொண்ட காலுறைகளை ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. இழையும் பின்னலும் இணைந்தே பயன் தரும் என்பது இதனால் புலனாகும்.

நீர் புகாக் காலுறை

உள்ளும் புறமும் பின்னலும், நடுவே நீர் புகாத மெல்லிய படலமும் கொண்ட காலுறைகள் இன்று கிடைக்கின்றன. ஈரப்புல்லிலும் ஆழமற்ற சேற்றிலும் குளிர்காலத்தில் நடப்போர்க்கு இவை நன்மை பயக்கும். ஆனால் நீர் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டால், குடத்து நீர்போல அங்கேயே தங்கிவிடும். விரைந்து ஓடுவோரின் வியர்வையும் எளிதில் வெளியேறாது. முழங்கால் அளவு நீரோடைகள் பல உள்ள வழிக்கு மெல்லிய, விரைந்து உலரும் காலுறையே சிறந்தது.

சோதிக்கும் முறை

இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தராசும் ஒரு வாளி நீரும் போதும்.

முதலாவது, காலுறையை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்க. பின்னர் 10 நிமிடம் நீரில் ஊறவைத்து, கையால் பிழிந்து, மீண்டும் நிறுக்க. எடுத்துக்காட்டாக 50 கிராம் இருந்தது 90 கிராம் ஆனால், 40 கிராம் நீரை அது விடாமல் வைத்திருக்கிறது என்பது பொருள். நிழலில் தொங்கவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தால் உலரும் விரைவும் விளங்கும்.

இரண்டாவது, ஒரு காலில் ஒருவகையும் மறுகாலில் வேறு வகையும் அணிந்து நடக்க. பாதை, வானிலை, வேகம் யாவும் இரு கால்களுக்கும் ஒன்றே ஆதலால் ஒப்பீடு நேர்மையாக அமையும். மறுநாள் கால் மாற்றி அணிக. இடக்கால், வலக்கால் என்னும் வேறுபாடும் அப்போது நீங்கும்.

மூன்றாவது, நீரில் இறங்கி ஏறியபின் குறைந்தது ஒரு மணி நேரம் நடக்க. முன்னர்க் கூறிய அரைகுறை ஈரத்தின் வேளை இதுவே. பின் காலுறையைக் கழற்றி, குதிகால், பெருவிரல் அடி, விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்க்க. சிவப்பும் எரிச்சலும் கொப்புளத்தின் முன்னறிவிப்புகள்.

நான்காவது, காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பி நோக்குக. மணல் எங்குத் தங்கியது, தையல் எங்கு உறுத்தியது, துணி எங்கு மடிந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். நெடுந்தொலைவில் கால் வீங்கும் ஆதலால், தடித்த காலுறை காலணிக்குள் விரல்களை நெருக்குகிறதா என்பதையும் நடையின் இறுதியிலேயே பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

ஈரப் பாதைக்கு எல்லா வகையிலும் சிறந்த காலுறை என ஒன்றில்லை. குளிர் மிகுந்த வழிக்குக் கம்பளிக் கலப்பும், ஓடைகள் மலிந்த வழிக்கு மெல்லிய செயற்கை இழையும், ஈரப்புல் நிறைந்த குறுவழிக்கு நீர் புகாக் காலுறையும் ஏற்றவை. எதனைத் தேர்ந்தாலும், நீர் புகாத பை ஒன்றில் உலர்ந்த இணை ஒன்றை எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரவு தங்குமிடத்தில் காலைத் துடைத்து, காற்றாட விட்டு, அதனை அணிந்து உறங்குதல் வேண்டும். பதுங்குகுழிகளில் பல்லாயிரவர் பட்ட துன்பத்தின் வழியே உலகம் கற்ற இப்பாடத்தை நாம் ஒரு வாளி நீரிலேயே கற்றுக்கொள்ளலாம்.