கொட்டகையில் பிறந்த பாட்டும் ஐம்பது ஆண்டு உழைப்பும்

நம் ரயில்வே குடியிருப்பில் இரவு எட்டு மணிக்கு எந்த வீட்டிலிருந்து என்ன ஓசை வருமென்று நாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். ஒரு வீட்டில் குக்கரின் விசில். ஒரு வீட்டில் தொலைக்காட்சித் தொடர். மூன்றாம் பிளாக்கின் ஸ்கூட்டர்க் கொட்டகையில் சில மாதங்களாக மின்சாரக் கிதார். வாசிப்பவன் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன். பதினேழு வயதுப் பிள்ளை. அவனைப்பற்றி முறையீடுகள் வந்தபோது, பேசித் திருத்திவிட்டு வரும் பொறுப்பைச் செயற்குழுவினர் நம் தலையில் வைத்தனர். கண்டிக்கச் சென்ற நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“மாமா, இவர் ஐம்பது வருஷம் இதையே வாசித்தார், தெரியுமா?” என்று அவன் ஒரு படத்தைக் காட்டினான். கறுப்புத் தொப்பி, நீண்ட நரைமுடி, ஒடிசலான தேகம். அவர் பெயர் பிரெட் கோல். அன்றுமுதல் பல நாள் அந்த மனிதரைப்பற்றியே படித்தும் கேட்டும் வந்தோம். அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தக்க வரலாறு என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

இவ்வகை இசைக்கு ‘கராஜ் ராக்’ என்று பெயர். அமெரிக்க வீடுகளில் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகைதான் கராஜ். 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் இங்கிலாந்திலிருந்து அங்கே சென்று பாடிய பிறகு, ஊர்தோறும் பள்ளிப் பிள்ளைகள் கிதாரும் டிரம்ஸும் தேடிப் பிடித்து, வண்டியை வெளியே தள்ளிவிட்டு அந்தக் கொட்டகையில் பழகினார்கள். மூன்றே ஸ்வரக்கூட்டங்கள், உரத்த குரல், தேர்ச்சியை மிஞ்சிய வேகம், இவ்வளவே மூலதனம். பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு சிறு இசைத்தட்டுக்களோடு கலைந்து போயின. சிலர் கல்லூரிக்குப் போனார்கள். சிலரை வியட்நாம் போர் அழைத்துக்கொண்டது. கலையாமல் நின்ற சிலரில் ஒருவர் நம் கோல்.

அவர் 1948-இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் பிறந்தவர். இளமையில் லாஸ் வேகாஸில் வளர்ந்து, பள்ளிப் பருவத்திலேயே இசைத்தட்டில் பாடியவர். 1966-இல் ‘வீட்ஸ்’ என்ற தம் குழுவினரோடு, கட்டாய இராணுவ சேவைக்குத் தப்பிக் கனடா சேரும் எண்ணத்தோடு வடக்கே புறப்பட்டார். வழியில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பெட்ரோல் தீர்ந்தது. அங்கே ஓர் இசை விடுதியில் பாட இடம் கிடைத்தது. அவ்விடுதியில் வேலை பார்த்த டூடி என்ற பெண்ணையும் அங்கேதான் சந்தித்தார். 1967-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மாற்றல் உத்தரவால் வந்திறங்கிய ஊரே சொந்த ஊராகிவிட்ட நம்மவர்களுக்கு இதில் வியப்பு இராது.

பிறகு ஒரு மானேஜர் வந்தார். குழுவின் பெயரை ‘லாலிபாப் ஷாப்’, அதாவது மிட்டாய்க் கடை, என்று மாற்றினார். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்கவில்லை. 1968-இல் யூனி கம்பெனி அவர்களது பெருந்தட்டை வெளியிட்டது. ‘யூ மஸ்ட் பி எ விட்ச்’ என்ற அவர்களது பாட்டைக் கராஜ் இசைப் பிரியர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். ஆயினும் எதிர்பார்த்த புகழ் கைகூடவில்லை; குழுவும் கலைந்தது. இருபது வயதில் பெரிய கம்பெனி, மானேஜர், இரவல் பெயர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார் கோல்.

அதன்பின் நடந்தவையே நம் மனத்தைக் கவர்ந்தவை. தம்பதிகள் குழந்தைகளோடு கனடாவின் யூக்கான் காட்டுப் பகுதியில் சில காலம் நிலம் திருத்தி வாழ்ந்தார்கள். போர்ட்லண்டுக்குத் திரும்பி வாத்தியக் கடை நடத்தினார்கள். அருகே கிளாக்கமஸ் என்ற இடத்தில் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். எழுபதுகளின் இறுதியில் ‘ராட்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கியபோது, கோல் தம் மனைவியையே பேஸ் கிதார் வாசிக்கச் சொன்னார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான டூடி, முப்பது வயதை ஒட்டி அந்த வாத்தியத்தை முதன்முதலாகக் கையில் எடுத்துக் கற்றுக்கொண்டார். இதைப் படித்துக் காட்டியபோது நம் வீட்டில், “நீங்கள் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லையே” என்ற குரல் அடுக்களையிலிருந்து எழுந்தது.

1987-இல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் கோல் ‘டெட் மூன்’ குழுவைத் தொடங்கினார். கோலின் கிதார், டூடியின் பேஸ், ஆண்ட்ரூ லூமிஸ் என்ற இளைஞரின் டிரம்ஸ், அவ்வளவுதான். டிரம்ஸின்மேல் காலி விஸ்கி பாட்டிலில் ஒரு மெழுகுவத்தி எரியும். முப்பத்தொன்பது வயது! நமக்கு இப்போது முப்பத்தேழு. ஆறு ஆண்டுகள் பயின்ற மிருதங்கத்தை முதல் மாற்றலின்போது பரண்மேல் ஏற்றினோம். கரணை உதிர்ந்து இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அக்காலத்தில் உலகம் குறுந்தகட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. கோலோ பழைய தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கைப்பற்றி, தம் இசைத்தட்டுக்களுக்கான மூலத் தட்டைத் தாமே வெட்டினார். அரக்குப் பூசிய வட்டு சுழலும். ஒலியின் அதிர்வுக்கேற்ப ஊசி அசைந்து அதில் பள்ளம் வெட்டும். அவ்வட்டிலிருந்து உலோக அச்செடுத்து, அவ்வச்சில் அழுத்தியே விற்பனைத் தட்டுக்களைச் செய்வார்கள். வெட்டும்போது நடுவில் பிழை நேர்ந்தால் அழிக்க வழியில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் வேறு வட்டில் மறுபடி வெட்டவேண்டும். நம் ஆபீஸ் லெட்ஜரிலாவது அடித்தெழுதிச் சுருக்கொப்பம் இடலாம்! இடம் வலம் என்று ஒலியைப் பிரிக்காத ‘மோனோ’ முறையிலேயே அவர் வெட்டினார். போர்ட்லண்டில் 1963-இல் கிங்ஸ்மென் குழு பதிவுசெய்த ‘லூயி லூயி’ என்ற பாட்டுக்கு மூலத் தட்டு வெட்டிய இயந்திரமே அது. அந்தப் பாட்டின் சொற்கள் ஆபாசமோ என்று அமெரிக்க அரசின் துப்பறியும் இலாகா நெடுநாள் விசாரித்து, சொற்கள் விளங்கவில்லை என்று கைவிட்டது தனிக் கதை.

இசையைப்பற்றி நம் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கோலின் குரல் உச்சத்தில் கீறும் குரல். முதல் தடவை கேட்டபோது பாதியில் எழுந்துவிட நினைத்தோம். சுருதி சில இடங்களில் நழுவுகிறது. ஆனால் கணவன் பாட, மனைவி அதே வரியைப் பற்றிக்கொண்டு எழும்போது, எத்தனையோ ஆண்டு ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, கடை நடத்தி, கடனடைத்த இருவரின் குரல்கள் அவை என்பது தெரிகிறது. அதைத் தேர்ந்த பாடகர்களைக்கொண்டு செய்வித்துவிட முடியாது.

ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், அவர்களுக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. சொந்த ஊரைவிட அங்கேதான் மதிப்பு மிகுதி. 2006-இல் டெட் மூன் கலைந்தது. மறு ஆண்டே தம்பதிகள் ‘பியர்ஸ்ட் ஆரோஸ்’ என்று புதுக்குழு கண்டார்கள். 2014-இல் கோலுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தெழுந்தவர் மீண்டும் மேடை ஏறினார். 2016-இல் லூமிஸ் புற்றுநோயால் காலமான பின்னும், முதிய தம்பதிகள் இருவர் மட்டுமாக நின்று வாசித்தார்கள். 2017 அக்டோபரில் போர்ட்லண்ட் நகரம் அவர்கள் குழுவின் பெயரால் ஓர் இரவைக் கொண்டாடிக் கௌரவித்தது. அடுத்த மாதம் 9-ஆம் தேதி கோல் காலமானார். வயது அறுபத்தொன்பது, மணவாழ்க்கை ஐம்பது ஆண்டு.

மூன்றாம் பிளாக்கு விவகாரம் இன்னும் தீரவில்லை. இரவு எட்டுக்குமேல் வாசிப்பதில்லை என்று பையன் நம்மிடம் வாக்களித்து, அதைக் காத்தும் வருகிறான். அவன் தகப்பனாரோ ரயில்வே தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். அதுவும் நியாயமே, நாமும் அந்தத் தேர்வு எழுதி வந்தவர்கள்தாம். பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலில் பையனுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டுமென்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.