நடுக்குவாதம்: எண்ணிக்கை உணர்த்துவது என்ன?

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் கொண்ட ஆறு பேரைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. இது தொற்றுநோயன்று. எனினும், எல்லா மக்களிடையேயும் இது ஒரே அளவில் காணப்படுவதில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பம்பாய்க் குடியிருப்புகளில் வாழ்ந்த 14,010 பார்சி மக்களிடையே வீடு வீடாக நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 1988-இல் வெளியாயிற்று. இலட்சம் பேருக்கு 328 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். 1986-இல் காஷ்மீரக் கிராமப்புறத்தில் நடந்த கணக்கெடுப்பிலோ இலட்சத்திற்கு 14 பேரே காணப்பட்டனர்.

இருபது மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேற்றுமையைக் கண்டு, ஓர் இனத்தாரை நோய்க்கு உரியவர் என்றும் மற்றவரை அதினின்று தப்பியவர் என்றும் முடிவு கட்டுவது தவறாகும். பார்சி மக்களிடையே முதியோரின் விகிதம் மிகுதி. காஷ்மீரக் கிராமங்களில் இளையோரே பெரும்பாலோர். அதே காஷ்மீரக் கணக்கில் அறுபது வயதைக் கடந்தோரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், இலட்சத்திற்கு 247 பேர் என்றாகிறது. எனவே, வயதைச் சமன்செய்த பின்னரே இரு மக்கட்பிரிவுகளை ஒப்பிடுதல் முறை.

அவ்வாறு ஒப்பிட்ட பின்னும் சில வேறுபாடுகள் எஞ்சுகின்றன. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கோப்பையா மாவட்டத்திலும் நைஜீரியாவின் இக்போ-ஓரா நகரிலும் ஒரே முறையில் ஆய்வு நடந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே, அமெரிக்கக் கறுப்பின மக்களில் இந்நோய் கண்டோர் விகிதம் நைஜீரியரைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. சுற்றுப்புறச் சூழலும், நோயுற்ற பின் உயிர்வாழும் காலமும் இதற்குக் காரணமாகலாம். மறுபுறம், வட ஆப்பிரிக்க அரபு மக்களிடையேயும் அஷ்கெனாசி யூதர்களிடையேயும் குறிப்பிட்ட மரபணு மாற்றமொன்று நோயாளிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

கணக்கெடுக்கும் முறையும் எண்ணிக்கையை மாற்றிவிடும். மருத்துவமனைப் பதிவேடுகளில் சிகிச்சை நாடி வந்தோர் மட்டுமே இடம்பெறுவர். வீடு வீடாகச் செல்லும் ஆய்வுகளோ, நோய் இன்னதென்று அறியாமலே, ‘முதுமையின் தளர்ச்சி’ என்று எண்ணிக் காலங்கழிப்போரையும் வெளிக்கொணர்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-இல் உலகில் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி. ஆயுள் நீள நீள இந்நோயும் பெருகும். நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. ஆயினும், லெவோடோபா நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தணித்துப் பல ஆண்டுகள் இயங்க உதவுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சியும், தடையின்றி மருந்து கிடைக்கும் ஏற்பாடும் இருப்பின், கணக்கில் வராத முதியோரும் அதன் பயனைப் பெறுவர்.