மண்ணின் நிறம் கூறும் சாட்சி

மாந்தர் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த பூமியானது, இடிந்த பச்சைமண் சுவர்களும் அடுப்புச் சாம்பலும் குப்பைகூளமும் மக்கிக் கலந்தமையால், சுற்றிலுமுள்ள வயல்மண்ணினின்றும் வேறுபட்டு, வெளிறிய நிறமும் நுண்ணிய தன்மையும் பெற்றுவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தை ஆதாரமாகக் கொண்டு, வடகிழக்குச் சிரியாவில் சுமார் 23,000 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தின் செயற்கைக்கோள் படங்களைக் கணினியால் பரிசோதித்த பியோர்ன் மென்ட்சே, ஜேசன் ஊர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், புராதன குடியிருப்புகள் இருக்கக்கூடிய ஏறத்தாழ 14,000 இடங்களை அடையாளங்கண்டு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒளிபேதத்தையும் கணினி பிரித்தறிகிறது என்பது மெய்யாகவே அற்புதம்! ஆயினும், அத்தகைய இடம் ஒன்று எந்தக் காலத்தது என்பதை, அங்கே நேரில் சென்று, காலடியில் கிடக்கும் பானையோட்டைக் கையிலெடுத்து ஆராய்பவராலேயே நிச்சயித்துச் சொல்ல இயலும்.