உங்களுக்குத் தெரியுமா? – சேற்றுப் பறவைகளும் கேமராவும்

● கோரை உள்ளானின் கண்கள் தலையின் இருபுறமும் நன்றாகப் பின்தள்ளி அமைந்தவை. அலகு முழுக்கச் சேற்றில் புதைந்திருந்தாலும், முதுகுப்பக்கம் வரும் ஆளும் தலைக்கு மேல் வட்டமிடும் பருந்தும் அதன் பார்வைக்குத் தப்புவதில்லை. ‘குனிந்து மேய்கிறதே, இந்த நேரத்தில் இரண்டடி முன்னே போய்விடலாம்’ என்ற கணக்கு இதனிடம் பலிக்காது.

● பறவையை நோக்கி நேராக நடந்தால் சீக்கிரம் பறந்துவிடும். இதைவிட நல்ல வழி, விடிவதற்கு முன்பே போய் வரப்போரம் படுத்துவிடுவது. பறவை தானாக மேய்ந்துகொண்டே வரும். படுத்து எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. கேமரா பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடுவதால் பின்னணி கலங்கி மறைந்து, பறவை மட்டும் துலக்கமாக நிற்கும். நின்றபடி எடுத்த படத்தில் பாதி சேறுதான் இருக்கும்.

● மேய்வதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, உடலை மேலும் கீழும் ஆட்டினால் பவளக்காலி பறக்கப் போகிறது என்று பொருள். சதுப்பில் முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். அது கத்திக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் இருக்கும் மற்ற உள்ளான்களும் கூடவே எழும்பிவிடும். அதனால் இடத்தைப் பார்த்ததும் பவளக்காலி எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். அது இறகு கோதத் தொடங்கினாலோ ஒற்றைக்காலில் நின்றாலோ உங்களை ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

● மனிதனைக் கண்டு மிரளும் பறவை, நிறுத்தி வைத்த காரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கண்ணாடியை இறக்கி, கதவின் மேல் ஒரு மணல் பையை வைத்து அதில் லென்ஸைக் கிடத்தினால் போதும். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தால் அவ்வளவுதான்.

● 1900-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், ஒரு மாட்டுத்தோலைச் சட்டத்தில் பொருத்தி, அதற்குள் ஆளும் கேமராவும் ஒளிந்து படமெடுக்கும்படி செய்தார்கள். 1895-இல் இவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல்தான், படங்கள் முழுவதும் இயற்கையிலேயே எடுத்த புகைப்படங்களாக அமைந்த முதல் இயற்கை நூல் என்று சொல்லப்படுகிறது.

● நாணலுக்குள் வாழும் குருகு ஆபத்தை உணர்ந்தால் ஓடாது. அலகை வானத்துக்கு நிமிர்த்தி, உடலை ஒடுக்கி அப்படியே நிற்கும். காற்றில் நாணல் ஆடினால் தானும் ஆடும். அலகு மேலே பார்த்தாலும் கண்கள் உங்கள் மேல்தான் இருக்கும். இங்கிலாந்தில் இனப்பெருக்கம் செய்யாமல் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட பெருங்குருகின் குஞ்சை, 1911-இல் நார்ஃபோக் பகுதியின் ஹிக்லிங் நாணற்காட்டில் எம்மா டர்னர் என்ற பெண்மணி படமெடுத்தார். பறவை திரும்பி வந்ததற்கு அந்தப் படமே சான்று. ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் தங்கப்பதக்கம் பெற்றவர் அவர்.

● வெளிநாட்டுப் புகைப்பட நூல்கள் ‘கடல் ஏற்றத்தின்போது போங்கள், ஏறும் நீர் பறவைகளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்’ என்று சொல்லும். பல மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறி இறங்கும் கரைகளுக்கு அது சரி. நம் கோடியக்கரைப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இருப்பதில்லை. இங்கே மழையும் காற்றும்தான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது, சதுப்பில் எங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்பதை உப்பளத் தொழிலாளர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

● வெயில் ஏறியதும் சேற்றுப் பரப்பின் மேல் கானல் அலையும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. நெடுந்தூர லென்ஸ் கானலையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

● உள்ளான், மூக்கன் வகைகளால் நீண்ட அலகின் நுனியை மட்டும் தனியே திறக்க முடியும். அலகு சேற்றுக்குள் இருக்கும்போதே புழுவைக் கவ்வுவது இப்படித்தான். நுனியில் நெருக்கமாக அமைந்த தொடுவுணர் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாத இரையைக் காட்டிக்கொடுக்கும்.

● மயில் உள்ளானில் பளபளக்கும் நிறம் பெண்ணுக்கு. மங்கல் நிறம் ஆணுக்கு. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் வேலை. குஞ்சுகளோடு திரியும் மங்கல் பறவையின் படத்துக்குக் கீழே ‘தாயும் சேயும்’ என்று எழுதிவிடாதீர்கள்.

● ஒற்றைச் சிறகைத் தொங்கவிட்டு, அடிபட்டதுபோல் உப்புக்கொத்தி உங்கள் முன்னே தத்தித் தத்திப் போகிறதா? படத்துக்கு அருமையான காட்சிதான். ஆனால் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்பதே அதன் பொருள். இந்தப் பறவைகள் வெறும் தரையில், கூழாங்கல் நிறத்தில் முட்டையிடுகின்றன. மிதித்த பிறகுதான் தெரியும். கோடை நடுப்பகலில் இவை முட்டையின் மேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. சிவப்புமூக்கு ஆள்காட்டி தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கும். ஈரம் காய்ந்ததும் மறுபடியும் தண்ணீருக்குப் போகும். அந்த நேரத்தில் ‘இன்னும் ஒரு படம்’ என்று நாம் குறுக்கே கிடந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். எவ்வளவு நல்ல படமும் அதற்கு ஈடாகாது. வந்த வழியே, காலடி பார்த்து, உடனே விலகிவிடுங்கள்.

● கூட்டை விட்டு விலகுவது வெறும் நாகரிகம் பற்றிய விஷயமல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம்.

● பட்டைவால் மூக்கன் ஒன்று, 5 மாதமே ஆன இளம்பறவை, 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. இத்தகைய பயணத்துக்கான கொழுப்பெல்லாம் மேய்ச்சலில் சேர்த்ததுதான். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கையைத் தட்டிக் கூட்டத்தை எழுப்புபவர்கள், அந்தச் சேமிப்பிலிருந்து திருடுகிறார்கள்.

● மன்னார் பகுதியில் காணப்படும் உப்புக்கொத்தியை நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாகவே எண்ணியிருந்தார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இதைத் தனி இனமாக நிலைநாட்டியது. பெயர் அனுமன் உப்புக்கொத்தி. அளவு சிட்டுக்குருவி அளவுதான். இறக்கை, வால், அலகு மூன்றும் அந்த இன்னோர் இனத்தைவிடச் சற்றுக் குட்டையானவை. ஆகவே உங்களிடம் இருக்கும் பழைய உப்புக்கொத்திப் படங்களை எடுத்து இன்னொரு முறை பாருங்கள்.

● வலசைப் பறவைகள் சிலவற்றின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வண்ணப் பட்டை இருக்கும். ஆய்வாளர்கள் பிடித்து, பட்டை மாட்டி விட்ட பறவைகள் அவை. தூரத்தில் எடுத்த, அழகே இல்லாத படமாக இருந்தாலும் அந்த எழுத்தைப் படிக்க முடிந்தால், பறவையை மறுபடி பிடிக்காமலேயே அது எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அப்படி ஒரு படம் உங்களிடம் சிக்கினால் பறவையின் பெயர், பட்டையின் நிறம், எழுத்து, எந்தக் கால், இடம், தேதி ஆகியவற்றைக் குறித்து அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.