'அல்' என்னும் முன்னொட்டும் கிரேக்க வேர்களும்

ஆங்கிலச் சொல்லொன்று 'அல்' என்று தொடங்கினால், அது அரபு மொழியின் கொடை என்று சொல்லிவிடும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. 'அல்ஜீப்ரா'வைப் பொறுத்தவரை அது முழு உண்மை. 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி இயற்றிய கணித நூலின் தலைப்பில் அமைந்த 'அல்-ஜப்ர்' என்னும் தூய அரபுச் சொல்லே அது. கண்ணுக்கிடும் மையைக் குறித்த 'அல்-குஹ்ல்', 'ஆல்கஹால்' ஆனதும் அவ்வாறே. ஆனால் 'அல்மகெஸ்ட்', 'அலெம்பிக்' முதலியவற்றையும் இவ்வரிசையில் நிறுத்துவது பாதி உண்மையே. அவற்றின் முன்னொட்டு அரபு; வேர் கிரேக்கம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் வானியல் நூலுக்குக் 'கணிதத் தொகுப்பு' என்னும் பொருள்பட எளிய பெயரே இட்டிருந்தார். 'மிகப் பெரியது' என்று பொருள்படும் 'மெகிஸ்தே' என்னும் கிரேக்கச் சொல்லோடு அரபுச் சுட்டு சேர, அந்நூல் 'அல்-மஜிஸ்தீ' ஆயிற்று. (தொலைக்காட்சியின் 'மெகா' தொடருக்கும் வேர் இதுவே!) அல்-ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மத்தர் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை அரபியில் பெயர்த்தார். பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் மீண்டும் பெயர்க்க, தாபித் இப்னு குர்ரா திருத்தினார். முன்னவர் கிறித்தவக் குடும்பத்தவர்; பின்னவர் ஹர்ரான் நகரத்து ஸாபியீ. பக்தாதின் அறிவுப் பணியில் பல சமயத்தார் பங்கு கொண்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1175இல் தொலைதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தது இவ்வரபு வடிவத்தையே. கிரேக்கர் இட்ட பெயர் மறைந்து, அரபியர் வழங்கிய பெயரே ஐரோப்பாவில் நிலைத்தது.

'எலிக்ஸிர்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'க்ஸேரோஸ்' என்றால் உலர்ந்தது. புண்ணில் தூவும் உலர்பொடி 'க்ஸேரியான்'. அரபியில் 'அல்-இக்ஸீர்' என்றாகி, இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் பொருளைக் குறித்தது. இன்று மருந்துக் கடையில் அப்பெயரால் கிடைப்பதோ இனிப்பான நீர்மருந்து! உலர்ந்தது நீராயிற்று. செஸ்டர் கார்ல்சன் 1938இல் நீர்மமின்றி நகலெடுக்கும் முறையைக் கண்டார். அம்முறைக்குப் பின்னர் அதே 'க்ஸேரோஸ்' வேரிலிருந்தே பெயர் சூட்டப்பட்டது. நாம் அன்றாடம் வழங்கும் 'ஜெராக்ஸ்' அதன் வழி வந்ததே. ஒரே வேரின் இரு கிளைகளுள் ஒன்று பக்தாத் வழியாக வந்தது. மற்றொன்று நேரே கிரேக்க அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது.

வாலை வடிக்கும் கலமாகிய 'அலெம்பிக்' கிரேக்க 'அம்பிக்ஸ்' என்பதன் அரபு வடிவமான 'அல்-அன்பீக்'. பொன்னின் தூய்மையை அளவிடும் 'காரட்', அரபியின் 'கீராத்' வழி வந்த கிரேக்கக் 'கெராதியான்'. சிறு கொம்பு போன்ற ஒரு மரத்தின் காயை அது குறித்தது. நம் ஊர்களில் 'தல்சமாத்' என வழங்குவதும், ஆங்கிலத்தின் 'டாலிஸ்மன்' என்பதும் 'தெலெஸ்மா' என்னும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை.

இந்த 'அல்' ஐரோப்பியர் சிலருக்கு உறுத்தலாகவும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா, 'அல்கெமி' என்பதன் இலத்தீன் வடிவத்திலிருந்து அரபுச் சுட்டை நீக்கி எழுதினார். இன்றைய 'கெமிஸ்ட்ரி' அச்சுட்டை இழந்த வடிவமே. முன்னொட்டை வெட்டினால் சொல் நடந்து வந்த வழி மறைகிறது. முன்னொட்டை மட்டுமே காட்டினால் அது பிறந்த இடம் மறைகிறது. இரண்டுமே நேர்மையாகா.

'அல்' என்னும் ஒலியே ஏமாற்றுவதும் உண்டு. 'அலர்ஜி' என்பது 1906இல் மருத்துவர் பிர்கே, 'வேறு', 'செயல்' என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் படைத்தது. அரபியோடு அதற்குத் தொடர்பே இல்லை. 'ஆல்ஃபபெட்' என்பதிலும் அரபுச் சுட்டு இல்லை. ஆயினும் அங்குள்ள 'ஆல்ஃபா', கிரேக்கர் ஃபினீசியரிடம் கடன்பெற்ற 'ஆலெஃப்'. நம் குழந்தைகள் மதரஸாவில் முதலில் கற்கும் 'அலிஃப்' அதன் உடன்பிறப்பு.